சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் ஒரே புள்ளி: ஈரா5 தரவை உரசிப் பார்ப்பது

ஈரா5 (ERA5) என்பது பழைய அளவீடுகளை ஒரு வானிலை மாடலுக்குள் ஊட்டி, உலகம் முழுக்கக் கட்டப் புள்ளிகளுக்கு மணிக்கு மணி கணக்கிட்டு வைத்திருக்கும் தரவு. அதில் சேலம் கலெக்டர் ஆபீஸுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் புள்ளி 11.75 வடக்கு, 78.25 கிழக்கு. ஏற்காடு ஏரிக்கு மிகப் பக்கத்தில் இருப்பதும் அதே புள்ளிதான். இரண்டு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தனித்தனியாகக் கொடுத்து, பக்கத்துப் புள்ளியை எடுக்கச் சொல்லி, இரண்டு கோப்பாகச் சேமித்து, இரண்டு வரைபடம் போட்டாலும் இரண்டும் அச்சு அசல் ஒன்றாகவே வரும். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, 1,200 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம் இருக்கிறது. அதெல்லாம் அந்த எண்ணுக்குள் இல்லை.

இதைக் கவனிக்காமலேயே 'ஏற்காட்டின் 40 ஆண்டு வெப்பநிலைப் போக்கு' என்று ஒரு கட்டுரை எழுதி முடித்துவிடலாம். தரவு இலவசம், இறக்குவது சுலபம், விடுபட்ட நாள் ஒன்றுகூடக் கிடையாது. அந்த முழுமைதான் வம்பு. மழைமானிப் பதிவேட்டில் ஓட்டை இருந்தால் கண்ணில் படும். ஈரா5-இல் எல்லா மணிக்கும் ஓர் எண் உட்கார்ந்திருக்கும். எது அளவீட்டை ஒட்டி வந்தது, எது மாடல் தானே போட்ட கணக்கு என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆகவே 'எந்தத் தரவு நல்ல தரவு?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த மாறி, எந்த இடம், நாளா மாதமா, எதற்காக என்று சொன்ன பிறகுதான் சோதனையே தொடங்கும். சேலம் மாவட்டம் இந்தச் சோதனைக்கு ரொம்பத் தோதான இடம். சமவெளியும் மலையும் நேர்க்கோட்டில் 15 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. மழையும் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவத்திலும் கிடைக்கிறது, போதாததற்குக் கோடை இடிமழை வேறு. இங்கே தேறும் முறை வேறு பல இடத்திலும் தேறும்.

உள்ளே இருப்பது என்ன

தினசரி முன்னறிவிப்புக்காக உலக வானிலை மையங்கள் தயாரிக்கும் பகுப்பாய்வுத் தரவுக்கும் ரீஅனாலிசிஸ் எனப்படும் மறுபகுப்பாய்வுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. முதலாவதில் மாடலை அவ்வப்போது மேம்படுத்துவார்கள். மேம்படுத்திய நாளில் தரவில் ஒரு படி ஏறும் அல்லது இறங்கும். வானிலைக்கு அது நல்லது, காலநிலை ஆய்வுக்கு விஷம். ரீஅனாலிசிஸில் ஒரே மாடலை உறைய வைத்து, பழைய அளவீடுகளை எல்லாம் மறுபடி அதற்குள் ஊட்டுகிறார்கள். ஈரா5 என்பது ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையம், ஐரோப்பிய ஒன்றியத்தின் கோப்பர்னிக்கஸ் காலநிலைச் சேவைக்காகச் செய்தது. 1940 முதல் இன்றுவரை, மணிக்கு ஒன்று, 137 அடுக்கு, சுமார் 31 கிலோமீட்டர் நுணுக்கம். நம் கைக்கு வரும் 0.25 பாகைக் கட்டம் அந்த 31 கிலோமீட்டர் வலையிலிருந்து இடைச்செருகி, அதாவது பக்கத்து எண்களிலிருந்து இடை எண்ணைக் கணக்கிட்டு, கொடுப்பது. அதனால் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளை இரண்டு தனிச் சாட்சியாக எண்ணக் கூடாது.

மாடல் உறைந்தாலும் அளவீட்டு வலை உறையவில்லை. அந்தச் சிக்கலைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால் மழை.

ஈரா5 மழை, பகுப்பாய்வு செய்த மழை அல்ல. தினமும் 06, 18 யூடிசிக்கு (உலகப் பொது நேரம், நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) தொடங்கும் குறுகிய முன்னறிவிப்பிலிருந்து எடுக்கும் மழை அது. நம் ஊர் மழைமானி எதுவும் அதற்குள் ஊட்டப்படுவதில்லை. மதிப்பீட்டுக்கு இது நல்ல செய்தி: ஏற்காடு மழைமானியோடு ஒப்பிட்டால் அது உண்மையிலேயே தனிச் சாட்சி. 2 மீட்டர் வெப்பநிலை அப்படியில்லை. சர்வதேச வலையில் போகும் நிலைய வெப்பநிலைகள் ஈரா5-க்குள் பயன்படுகின்றன. அப்படிப்பட்ட நிலையத்தை வைத்தே ஈரா5-ஐச் சோதித்து 'ஆஹா, எவ்வளவு பொருத்தம்' என்று எழுதினால், கேள்வித்தாளை முன்கூட்டியே கொடுத்துவிட்டுத் தேர்வு வைத்த கதைதான். வெப்பநிலைக்கு, அந்த வலையில் சேராத நிலையம் கிடைத்தால் அதுதான் மதிப்பு. கல்லூரித் தோட்டத்தில் வைத்திருக்கும் தானியங்கி நிலையமாகவும் இருக்கலாம், எஸ்டேட் நிலையமாகவும் இருக்கலாம்.

இறக்கும்போதே கெடுபவை

கோப்பர்னிக்கஸ் தளத்தில் கணக்குத் திறந்து, சாவியை வாங்கி, பைதான் வழியாகக் கேட்பது வழக்கம். பரப்பைச் சொல்லும் வரிசை வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு. சேலம் மாவட்டத்துக்கு 12.5, 77.5, 11, 79 என்று கேட்டால் 7-க்கு 7, மொத்தம் 49 புள்ளி. ஒரு மாறிக்கு ஓர் ஆண்டுக்கான மணிக்கணக்குத் தரவு 2 எம்பிகூடத் தேறாது. 30 ஆண்டும் சேர்த்து 50 எம்பி அளவுதான். கோப்பு சிறிது என்பதற்காக 30 ஆண்டையும் ஒரே கோரிக்கையில் கேட்க வேண்டாம். வரிசையில் நிற்கும் நேரம் அவர்கள் எத்தனை உலகக் கட்டங்களைத் தொட வேண்டும் என்பதைப் பொறுத்தது, நமக்கு வரும் கோப்பின் அளவைப் பொறுத்ததல்ல. மாதம் மாதமாகவோ ஆண்டு ஆண்டாகவோ கேட்பதே மேல்.

ஈரா5-இல் அட்சரேகை வடக்கிலிருந்து தெற்காக இறங்கும். இந்திய வானிலைத் துறையான ஐஎம்டியின் கட்டத் தரவில் தெற்கிலிருந்து வடக்காக ஏறும். பைதானின் எக்ஸ்அரே நிரலகத்தில் 11 முதல் 12.5 வரை என்று வெட்டினால் ஈரா5-இல் வெறும் கோப்பு கிடைக்கும், 12.5 முதல் 11 என்று வெட்ட வேண்டும். வெறும் கோப்பு வந்தால்கூடப் பரவாயில்லை, பிழை உடனே தெரிந்துவிடும். இரண்டு தரவையும் வெறும் அணியாக மாற்றிக் கழிப்பவர்களுக்குத்தான் ஆபத்து: வடக்கும் தெற்கும் இடம் மாறியது தெரியாமல் ஒரு அழகான பிழை வரைபடம் கிடைக்கும்.

அலகுகள்: வெப்பநிலை கெல்வினில், மழை மீட்டரில், கதிர்வீச்சு சதுர மீட்டருக்கு ஜூலில். மணிக்கணக்குக் கதிர்வீச்சை 3,600-ஆல் வகுத்தால் வாட் வரும். மாதச் சராசரிக் கோப்பில் மழை 'ஒரு நாளுக்கு இத்தனை மீட்டர்' என்று இருக்கும். 1,000-ஆல் பெருக்கி, அந்த மாதத்தின் நாள் எண்ணிக்கையாலும் பெருக்க வேண்டும். இதை மறந்தால் அக்டோபர் மழை 5 மில்லிமீட்டர் என்று வரும், யாராவது அதை மாடலின் 'கடும் வறட்சிச் சார்பு', அதாவது எப்போதும் ஒரே பக்கம் குறைத்துக் காட்டும் பிழை, என்று விளக்கியும் எழுதிவிடுவார்கள். மழையில் பூஜ்ஜியத்துக்குக் கீழே மிகச் சிறிய எதிர்மறை எண்கள் தென்பட்டால் பயப்பட வேண்டாம்; கோப்பைச் சுருக்கிச் சேமிப்பதில் வருவது. பூஜ்ஜியமாக்கிவிட்டு மேலே போகலாம். ஈரப்பதம் நேரடியாக வராது, பனிநிலைதான் வரும். ஒப்பு ஈரப்பதத்தை மணிக்கு மணி கணக்கிட்டுப் பிறகு சராசரி எடுக்க வேண்டும், நாள் சராசரிகளிலிருந்து கணக்கிட்டால் தவறும்.

உயரம்

மேற்பரப்பு ஜியோபொட்டென்ஷியல் என்ற மாறியைத் தனியாக இறக்கி 9.80665-ஆல் வகுத்தால், அந்தப் புள்ளியில் மாடல் நினைத்துக்கொண்டிருக்கும் தரைமட்டம் கிடைக்கும். எந்த ஒப்பீட்டுக்கும் முதல் வேலை இதுதான். சேலம் சுமார் 278 மீட்டர், ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். மாடலின் சேர்வராயன் மலை வழவழவென்று தேய்க்கப்பட்ட ஒரு மேடு. அதன் உயரம் இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கும். ஆக அந்தப் புள்ளி சேலத்துக்குக் குளிர்ச்சி, ஏற்காட்டுக்குச் சூடு.

வழக்கமான திருத்தம்: மாடல் உயரத்திலிருந்து நிலைய உயரத்தைக் கழித்து, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்ற விகிதத்தால் பெருக்கி, மாடல் வெப்பநிலையோடு கூட்டுவது. இந்த விகிதப்படி சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் 8 டிகிரி வித்தியாசம். ஆண்டுச் சராசரிக்கு இது ஓடும். ஜனவரி விடியற்காலையில் ஓடாது: சமவெளியில் குளிர்ந்த காற்று தங்கி, மேலே போகப் போக வெப்பம் குறைவது மெதுவாகிவிடும், சில நாள் தலைகீழாகவும் போகும். மார்ச், ஏப்ரல் பிற்பகலில் 6.5-ஐத் தாண்டும். அதனால் விகிதத்தையும் ஈரா5-இலிருந்தே எடுப்பது நல்லது. நமக்கு வசதியாக ஒரு பொருத்தம் இருக்கிறது: 975 ஹெக்டோபாஸ்கல் காற்றழுத்த மட்டம் ஏறத்தாழ சேலத்தின் உயரத்தில் இருக்கிறது, 850 மட்டம் ஏறத்தாழ ஏற்காட்டின் உயரத்தில் இருக்கிறது. இந்த இரண்டு மட்டத்தின் வெப்பநிலை வித்தியாசத்தை உயர வித்தியாசத்தால் வகுத்தால், ஒவ்வொரு மாதத்துக்கும், வேண்டுமானால் ஒவ்வொரு மணிக்கும், இந்த இடத்துக்கான விகிதம் கிடைக்கும்.

ஏற்காட்டுக்கு 850 மட்டத்து வெப்பநிலையையே நேரடியாக வைத்துப் பார்ப்பதும் பயனுள்ள சோதனை. அது மலையைத் தொடாத திறந்த காற்றின் வெப்பநிலை, ஏற்காடு நிலையம் நிற்பது மண்ணின் மேல். பகலில் நிலையம் சூடாகவும் இரவில் குளிராகவும் இருக்க வேண்டும். வித்தியாசம் அப்படி ஊசலாடாமல் இரவு பகல் ஒரே பக்கம் சாய்ந்தால், நிலையக் கருவியையோ அதன் நேர முத்திரையையோ சந்தேகிக்கலாம்.

ஈரா5-லேண்ட் 0.1 பாகைக் கட்டம், 1950 முதல். அதில் ஏற்காடு 11.8, 78.2 என்ற தனிப் புள்ளிக்குப் போகிறது. சேலம் நகரம் அதற்குத் தெற்கே வேறு புள்ளியில் நிற்கிறது. வெப்பநிலைக்கு உயரத் திருத்தமும் உள்ளேயே செய்திருக்கிறார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: மழைக்கு அந்தத் திருத்தம் கிடையாது. ஈரா5 மழையை நுண்கட்டத்துக்கு இடைச்செருகியதுதான் ஈரா5-லேண்ட் மழை. கட்டம் சிறுத்ததால் மலை மழை தெரிந்துவிடும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

மற்ற தரவுகளில் என்ன நடக்கிறது என்பதும் வேடிக்கைதான். அமெரிக்காவின் பழைய என்செப்-என்கார் தரவு 2.5 பாகை, அதில் சேலம், பெங்களூரு, மைசூரு மூன்றுக்கும் பக்கத்துப் புள்ளி ஒன்றே. நாசாவின் மெர்ரா-2 ஈரா5-ஐவிடப் பருமட்டான கட்டம், அரைப் பாகைக்கு 0.625 பாகை. அதில் சேலமும் ஏற்காடும் வெவ்வேறு புள்ளிக்குப் போய்விடுகின்றன. பிரித்துக் காட்டுகிறதே என்று மகிழ வேண்டாம். ஏற்காட்டுக்குக் கிடைப்பது 12.0 வடக்கு, 78.125 கிழக்கு, அதாவது தருமபுரிப் பக்கத்துச் சமவெளி. பக்கத்துப் புள்ளி எடுக்கும் கட்டளையை நம்புவதற்கு முன் அது எந்தப் புள்ளியைக் கொடுத்தது என்று ஒரு முறை அச்சிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

எட்டரை மணிக் கணக்கு

நம் நாட்டில் ஒரு நாள் மழை என்பது முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை. யூடிசியில் 03 முதல் 03. ஈரா5-இன் மணி மழை அந்த மணி முடியும் நேரத்தின் முத்திரையோடு வருகிறது; 04 என்று இருந்தால் 03-க்கும் 04-க்கும் இடையே பெய்தது. ஆகவே 2-ஆம் தேதி மழை வேண்டுமானால் 1-ஆம் தேதியின் 04 முதல் 23 வரை 20 எண், 2-ஆம் தேதியின் 00 முதல் 03 வரை 4 எண், ஆக 24 எண்ணைக் கூட்ட வேண்டும். நிரலில் சுருக்கமாகச் செய்ய: நேர அச்சை 4 மணி பின்னுக்குத் தள்ளி, தேதிவாரியாகக் கூட்டி, கிடைத்த தேதியோடு 1 சேர்த்துவிடலாம்.

ஈரா5-லேண்டில் வேறு கணக்கு. அங்கே மழை 00 யூடிசியிலிருந்து சேர்ந்துகொண்டே போகும். அடுத்த நாள் 00-இல் இருப்பதுதான் முந்தைய நாளின் முழுத் தொகை. 2-ஆம் தேதி 00 எண்ணிலிருந்து 1-ஆம் தேதி 03 எண்ணைக் கழித்து, 2-ஆம் தேதி 03 எண்ணைக் கூட்டினால் எட்டரை மணிக் கணக்கு வந்துவிடும். இதை அறியாமல் 24 மணி எண்களையும் கூட்டினால் மழை பல மடங்கு பெருகும், ஏற்காடு சிரபுஞ்சியாகிவிடும்.

சும்மா யூடிசி நாளாகக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஃபெஞ்சல் புயல் நல்ல உதாரணம். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, மெதுவாக மேற்கே நகர்ந்த அந்த மழையில் டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பதிவானது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. நம் ஏட்டில் அது டிசம்பர் 2-ஆம் தேதி மழை. யூடிசி நாளாகக் கூட்டிய ஈரா5-இல் பெரும்பகுதி டிசம்பர் 1-இல் உட்காரும். தேதிக்குத் தேதி ஒப்பிட்டால், மாடல் புயலையே கோட்டை விட்டதுபோலத் தெரியும்.

குறைந்தபட்ச வெப்பநிலையில் இதைவிட நுட்பமான பிசகு. சேலத்தில் குறைந்தபட்சம் வருவது காலை 6 மணி வாக்கில், அதாவது 00.30 யூடிசி, யூடிசி நாள் மாறும் விளிம்பில். யூடிசி நாளுக்குக் குறைந்தபட்சம் எடுத்தால், ஒரு குளிர்ந்த விடியற்காலை இரண்டு நாளின் கணக்கிலும் ஏறக்கூடும்: முதல் நாளுக்கு 23 மணி எண்ணாக, அடுத்த நாளுக்கு 00 மணி எண்ணாக. சராசரி கொஞ்சம் இறங்கும், குளிர் நாள்களின் எண்ணிக்கை வீங்கும். 12 யூடிசி முதல் 12 யூடிசி வரை, அதாவது மாலை 5.30 முதல் அடுத்த மாலை 5.30 வரை ஜன்னல் வைத்தால் தீர்ந்தது. அதிகபட்சத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பிற்பகல் 3 மணி யூடிசி நாளின் நடுவில் பத்திரமாக இருக்கிறது.

பதிவேட்டின் பக்கம் தவறு இருந்தால்

மாடலைச் சோதிக்கிறோம் என்ற நினைப்பில் மழைமானியைச் சோதிக்க மறந்துவிடுகிறோம். சேலம் மாவட்டத்தில் தினசரி மழை அறிக்கையில் ஏற்காடு, ஓமலூர், மேட்டூர், ஆத்தூர், வாழப்பாடி, சங்ககிரி, எடப்பாடி, கரியகோவில், ஆனைமடுவு என்று ஊர்கள் வரிசையாக வரும். அதற்கு மேல் மலையில் காபி எஸ்டேட்டுகளின் சொந்தப் பதிவேடுகள் இருக்கும். பல தலைமுறை நீளம் கொண்டவை கிடைத்தால் தங்கம்.

எஸ்டேட் ஏட்டில் மழை அங்குலத்திலும் சென்ட்டிலும் இருக்கும். 1.35 என்றால் ஓர் அங்குலம் 35 சென்ட், 34.3 மில்லிமீட்டர். அதே ஏட்டில் சில மாதம் '135' என்று புள்ளியில்லாமல் சென்ட்டாக எழுதியிருப்பார்கள்; நடுவில் ஆள் மாறி மில்லிமீட்டருக்கும் போயிருக்கலாம். தட்டச்சு செய்பவர் எல்லாவற்றையும் ஒரே அலகாக எடுத்துக்கொண்டால் கதை கந்தல். அலகு மாறிய மாதத்தைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு ஆண்டும் பதிவான ஆக உயர்ந்த எண்ணையும் மழை நாள்களின் இடைநிலை எண்ணையும் வரிசையாகப் போட்டுப் பாருங்கள். 25 மடங்கோ 100 மடங்கோ குதித்தால் கண்ணில் குத்தும்.

2 மடங்கு குதித்தால் அளவுக் குடுவையைச் சந்தேகியுங்கள். மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டரும் உண்டு, 100-ம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனிக் குடுவை. குடுவை உடைந்து, கிடைத்த வேறு குடுவையை வைத்து அளந்தால், 200 வாய்க்கு 100 குடுவை என்றால் மழை சரியாக இரட்டிக்கும், மறுவகையில் பாதியாகும். ஈரா5 மழை எவ்வளவு சுமாராக இருந்தாலும், ஆண்டுத் தொகைகளின் விகிதம் ஒரு குறிப்பிட்ட ஆண்டிலிருந்து பளிச்சென்று 2 மடங்காவதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்று ஞாயிற்றுக்கிழமை. மழையைக் கிழமைவாரியாகக் கூட்டுங்கள். பல ஆண்டுத் தரவில் வானம் கிழமை பார்ப்பதில்லை. ஞாயிறு குறைந்து திங்கள் கூடியிருந்தால், ஞாயிறு அளக்காமல் திங்கள் சேர்த்து அளந்திருக்கிறார்கள். மாதத் தொகைக்குக் கேடில்லை, ஆனால் அந்தப் பதிவேட்டை வைத்து நாள் அளவில் மாடலை மதிப்பிடக் கூடாது. வெற்றிடம், கோடு, பூஜ்ஜியம் மூன்றும் ஒன்றல்ல என்பதையும் தட்டச்சுக்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.

தேதிக் குழப்பத்துக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. சில ஏடுகளில் அளந்த நாளின் தேதி, சிலவற்றில் மழை பெய்த முந்தைய நாளின் தேதி. நிலைய மழையை ஒரு நாள் முன்னும், அப்படியேயும், ஒரு நாள் பின்னும் நகர்த்தி, மூன்று முறை ஈரா5-ஓடு ஒட்டுறவு (கோரிலேஷன்) பாருங்கள். உச்சம் நடுவில் வர வேண்டும். பக்கத்தில் வந்தால் தேதி நழுவியிருக்கிறது. முழுத் தொடருக்கு மட்டும் பார்க்காமல் ஐந்தைந்து ஆண்டாகப் பாருங்கள். எழுதுபவர் மாறும்போது வழக்கமும் மாறும்.

மதிப்பெண்

வெப்பநிலைக்கு ஒட்டுறவு 0.95 என்று யாராவது காட்டினால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். மே சூடு, டிசம்பர் குளிர் என்ற ஆண்டுச் சுழற்சி ஒன்றே அந்த எண்ணைக் கொடுத்துவிடும். ஒவ்வொரு நாளிலிருந்தும் அந்த நாளுக்குரிய நீண்டகாலச் சராசரியைக் கழித்து, மிச்சத்தை வைத்து ஒட்டுறவு பார்த்தால்தான் மாடலின் யோக்கியதை தெரியும். சார்பையும் பருவவாரியாக, அதிகபட்சத்துக்குத் தனி, குறைந்தபட்சத்துக்குத் தனி என்று பிரித்துப் போட வேண்டும். பகல் +2, இரவு −2 என்றால் சராசரிச் சார்பு பூஜ்ஜியம்!

மழையில் முதலில் தெரிவது தூறல் நோய். மாடல் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்யும். ஒரு மழைமானியின் வாய் 200 சதுர சென்டிமீட்டர், 0.25 பாகைக் கட்டம் இந்த அட்சரேகையில் சுமார் 750 சதுர கிலோமீட்டர். அத்தனை பரப்பில் எங்கோ ஓரிடத்தில் பெய்தாலும் கட்டத்துக்குக் கொஞ்சம் மழை உண்டு. ஆகவே 'மழை நாள்' என்பதற்கு ஐஎம்டி வைத்திருக்கும் 2.5 மில்லிமீட்டர் வரம்பை இரண்டு பக்கமும் வைத்து எண்ண வேண்டும். கற்பனையாக ஒரு கணக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை 122 நாளில் நிலையத்தில் 45 மழை நாள், மாடலில் 80, இரண்டிலும் பெய்தது 38. பிடித்தது 45-க்கு 38, அதாவது 84 சதவீதம். கேட்கக் குளுகுளு என்று இருக்கிறது. பொய் எச்சரிக்கை 80-க்கு 42, அதாவது 52 சதவீதத்துக்கு மேல். முதல் எண்ணை மட்டும் சொல்லும் கட்டுரைகளைப் பார்த்தால் இரண்டாவதைத் தேடுங்கள்.

இது வெறும் புள்ளியியல் அழகு அல்ல. ஏற்காட்டு காபிக்கு மார்ச், ஏப்ரலில் பூக்க வைக்கும் மழை வேண்டும். எஸ்டேட்காரர்கள் பிளாஸம் ஷவர் என்பது அதைத்தான். ஓர் அங்குல அளவில் ஒரே வீச்சில் பெய்தால் பூ திறக்கும், சில வாரத்தில் அதைத் தாங்கிப் பிடிக்க இன்னொரு மழை வேண்டும். 'அந்த மழை எந்தத் தேதியில் வந்தது, 40 ஆண்டில் அது தள்ளிப்போகிறதா?' என்பது இந்த மலைக்கு உரிய ஆய்வுக் கேள்வி. ஈரா5-இல் 25 மில்லிமீட்டர் வரம்பு வைத்தால் பல ஆண்டில் அந்த மழையே வராது, ஏனென்றால் இடிமழையைக் கட்டம் முழுக்கத் தடவிவிடுகிறது. வரம்பை 5 மில்லிமீட்டராக இறக்கினால் மாடலின் தூறல் நாள்களெல்லாம் பூ மழையாகிவிடும். இங்கே செய்யக்கூடியது, நிலையத்தில் 25 மில்லிமீட்டர் எத்தனை சதவீத நாளில் தாண்டுகிறதோ அதே சதவீத நாளில் மாடலில் தாண்டும் அளவு எது என்று கண்டு, அதை வரம்பாக வைப்பது. அதுவும் மார்ச், ஏப்ரலுக்கு மட்டும் தனியாக. பிறகும் தேதிகள் பொருந்துகின்றனவா என்று பாதி ஆண்டுகளை ஒதுக்கி வைத்துச் சோதிக்க வேண்டும். பொருந்தவில்லை என்றால் அந்தக் கேள்விக்கு ஈரா5 உதவாது. அதைச் சொல்வதும் ஆய்வு முடிவுதான்.

மணிக்கணக்கு ஆய்வு செய்பவர்களுக்கு: ஈரா5 கட்டத்தில் இடிமேகம் நேரடியாக உருவாவதில்லை, தோராய விதிகளால் கணக்கிடப்படுகிறது. வெயில் ஏறியதுமே மாடல் பெய்யத் தொடங்கிவிடும். நம் ஊர் கோடை இடி சாயங்காலமும் முன்னிரவும் வருவது. மணி வாரியாகச் சராசரி மழையை வரைந்தால் இரண்டு உச்சமும் விலகி நிற்கும். நாள் தொகைக்கு இதனால் பெரிய கேடு இல்லை. மதியம் பெய்தாலும் இரவு பெய்தாலும் எட்டரை மணிக் கணக்கில் ஒரே தேதிதான். புயல் மழை, தாழ்வு மண்டல மழை வேறு ரகம். அவை பெரிய அளவிலான சுழற்சி என்பதால் வந்ததா இல்லையா என்பதை மாடல் நன்றாகவே பிடிக்கும், உச்ச அளவைத்தான் மழுங்கடிக்கும்.

போக்கு என்று எழுதும் முன்

மாடல் உறைந்தாலும் கண்கள் மாறிக்கொண்டே இருந்தன. 1979-க்கு முன் செயற்கைக்கோள் தரவு மிகக் குறைவு. 1987-இல் நுண்ணலைக் கருவி, 1998-இல் காற்றை அடுக்கு அடுக்காக அளக்கும் அடுத்த தலைமுறை சவுண்டர் கருவிகள், 2006-இல் ஜிபிஎஸ் சிக்னல் காற்றில் வளைவதை அளக்கும் மறைப்புத் தரவு என்று ஒவ்வொன்றும் சேரும்போது சராசரி லேசாக நகரலாம். சேலத்தில் பலூன் ஏற்றும் நிலையம் கிடையாது. சென்னை, காரைக்கால், பெங்களூரு பலூன்களும் செயற்கைக்கோள்களும்தான் நம் தலைக்கு மேலிருக்கும் காற்றைச் சொல்கின்றன. 1940-களின் ஈரா5-ஐ இந்த மாவட்டத்துக்கு வைத்துப் போக்கு வரைவது எனக்கு உடன்பாடில்லை. மழைப் போக்குக்கு 1979-க்குப் பிந்தையதைக்கூட ஒற்றை ஆதாரமாக வைக்க மாட்டேன்.

படி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க நிலையம் கழித்தல் ரீஅனாலிசிஸ் என்ற வித்தியாசத் தொடரை மாதவாரியாக வரைய வேண்டும். ஈரா5, மெர்ரா-2, ஜப்பானின் ஜேஆர்ஏ-3கியூ மூன்றையும் தனித்தனியாகக் கழியுங்கள். ஒரே மாதத்தில் மூன்று வித்தியாசத்திலும் படி இருந்தால் நிலையத்தில் ஏதோ நடந்திருக்கிறது: கூண்டு இடம் மாறியிருக்கும், கருவி மாறியிருக்கும், பக்கத்தில் கட்டடம் எழும்பியிருக்கும். ஒன்றில் மட்டும் படி இருந்தால் அந்த ரீஅனாலிசிஸை விசாரியுங்கள். படியைக் கண்டுபிடிக்கும் பெட்டிட் சோதனை போன்ற புள்ளியியல் சோதனைகளை இந்த வித்தியாசத் தொடரில் ஓட்ட வேண்டும், மூலத் தொடரில் ஓட்டினால் எல் நினோ ஆண்டுகளெல்லாம் படியாகத் தெரியும்.

வித்தியாசத் தொடரில் படியில்லாமல் மெதுவான ஏற்றம் இருந்தால் நகரச் சூடாக இருக்கலாம். 2003-இல் கால்னே, காய் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்க நிலையங்களுக்கு இந்த வழியில்தான் நிலப் பயன்பாட்டின் பங்கைக் கணித்தார்கள். அவர்கள் எடுத்த என்செப்-என்கார் தரவில் தரை வெப்பநிலை ஊட்டப்படவில்லை என்பதுதான் அந்த முறையின் உயிர். ஈரா5-இன் மாடலில் நகரம் என்ற ஒன்றே கிடையாது, ஆனால் நிலைய வெப்பநிலை ஓரளவு உள்ளே நுழைகிறது. ஆகவே ஈரா5-ஐ வைத்துச் சேலத்தின் நகரச் சூட்டை அளந்தால் உண்மையைவிடக் குறைவாக வரும் வாய்ப்பு அதிகம்.

ஐஎம்டியின் 0.25 பாகை மழைக் கட்டம் 1901 முதல் இருக்கிறது, அதை உண்மை என்று வைத்து ஈரா5-க்கு மதிப்பெண் போடுவது வழக்கமாகிவிட்டது. அதுவும் மழைமானிகளுக்கு இடையே இடைச்செருகியதுதான். அதிலும் சேலம், ஏற்காடு இரண்டுக்கும் ஒரே புள்ளி. எந்த ஆண்டில் எத்தனை மழைமானி அந்தக் கட்டத்துக்குள் இருந்தன என்பது மாறிக்கொண்டே வரும். மலை மானி ஓராண்டு விடுபட்டால் கட்டத்தின் மழை குறையும். விடுபட்டதற்கு அதில் −999 என்ற எண். வடிகட்டாமல் சராசரி எடுத்தால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. வெப்பநிலைக் கட்டம் 1 பாகை, மலைக்கு அது ஆகவே ஆகாது. 12 கிலோமீட்டர் நுணுக்கத்தில் 1979 முதல் தொடங்கும் இந்திய ரீஅனாலிசிஸ் இம்டா இருக்கிறது. ஏற்காட்டுக்கு அதையும் சேர்த்து ஒப்பிடுவது நியாயம். நுணுக்கம் கூடியதால் சரியாக இருக்கும் என்று முன்கூட்டியே நம்பிவிடாமல், மேலே சொன்ன அதே உயர, நேர, தேதிச் சோதனைகளை அதற்கும் ஓட்ட வேண்டும்.

கடைசியாக, பதிப்பு. ஈரா5-இன் சமீபத்திய மாதங்கள் தற்காலிகப் பதிப்பு. சுமார் 5 நாள் தாமதத்தில் வரும், இரண்டு மூன்று மாதத்தில் இறுதிப் பதிப்பு அதை மாற்றும். கோப்பில் எக்ஸ்ப்வெர் என்ற குறி 0001 என்றால் இறுதி, 0005 என்றால் தற்காலிகம். இரண்டும் ஒரே கோப்பில் கலந்து வரலாம். இறக்கிய தேதியையும் இந்தக் குறியையும் கோப்பின் பெயரிலேயே எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து வேறு ஒருவர் அதே நிரலை ஓட்டி வேறு விடை கண்டால் காரணம் தேட வேண்டியிருக்காது. தற்காலிக மாதங்களை வைத்து மதிப்பெண் போட்டிருந்தால், இறுதிப் பதிப்பு வந்ததும் அந்த மாதங்களை மட்டும் மறுபடி இறக்கி ஓட்டிவிடுங்கள்.